தெருமுனை மனையை வணிகப் பகுதியாக்க மனு: கவுன்சிலரிடம் போவதா, சி.எம்.டி.ஏ.விடம் போவதா?

கே.கே.நகர்_வாசி

சென்ற வாரம் நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு அறிவிப்பு. எங்கள் தெருமுனையில் இருக்கும் நான்கு கிரவுண்ட் மனையை ‘ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதியிலிருந்து வணிக உபயோகப் பகுதியாக’ மாற்றக் கேட்டு மனு வந்திருக்கிறதாம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம். பழைய வீடு, பெரிய காம்பவுண்டு, உள்ளே இரண்டு மாமரம். உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எங்கள் தெரு முப்பது அடிதான்.

என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் சூப்பர் மார்க்கெட் என்கிறார், ஒருவர் ஆஸ்பத்திரி என்கிறார், கல்யாண மண்டபம் என்று சொல்லி எல்லோரையும் பயமுறுத்துகிறார் இன்னொருவர். குடியிருப்போர் சங்கச் செயலாளர் “மாமன்றத்தில் வரும், கவுன்சிலரைப் பார்ப்போம்” என்று ஐம்பது பேர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கவுன்சிலரும் நல்லபடியாகப் பேசி, காபி கொடுத்து அனுப்பினார். அதற்கு அப்புறம் ஒன்றும் நகரவில்லை.

நான் கடைக்கே எதிரி இல்லை. எங்கள் தெருவில் மளிகைக் கடை இருக்கிறது, இஸ்திரி வண்டி நிற்கிறது, யாருக்கும் தொந்தரவு கிடையாது. இது வேறு மாதிரி என்று மனது சொல்கிறது, ஆனால் எந்த விதத்தில் வேறு என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளான்_போடுபவன்

முதலில் ஒன்று. சென்னையில் நில உபயோக மாற்றத்தை முடிவு செய்வது மாநகராட்சி மன்றம் அல்ல. 1971ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டப்படி அது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வேலை. மனு போகும், தொழில்நுட்பக் குழு பார்க்கும், அப்புறம் குழுமத்தின் கூட்டத்துக்குப் போகும். அங்கே பெரும்பாலும் உட்காருவது அரசுத் துறைச் செயலாளர்களும் அதிகாரிகளும்தான். உங்கள் கவுன்சிலர் காபி கொடுத்தது அவருடைய நல்ல குணம், அவ்வளவுதான். அவரிடம் இதற்கு அதிகாரம் இல்லை.

1992இல் வந்த அரசியல் சட்டத்தின் 74வது திருத்தத்தில், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் தரலாம் என்று 18 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் முதல் இரண்டு என்ன தெரியுமா? நகரத் திட்டமிடல், நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். 2022 பிப்ரவரியில் 200 வார்டுக்கும் ஓட்டுப் போட்டோம். அந்த 200 பேரிடமும் தெரு விளக்கு கேட்கலாம், குப்பை வண்டி கேட்கலாம். தெருவில் எது வரலாம் என்பதைக் கேட்க முடியாது.

கையெழுத்து வாங்கியது வீண் இல்லை. அதே கடிதத்தை அறிவிப்பில் போட்டிருக்கும் முகவரிக்கு, சொன்ன தேதிக்குள் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

மாடி_போர்ஷன்

எல்லோரும் எதிர்க்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வாடகைக்கு இருக்கிறேன், வேலை முடிந்து வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். முன்பு இருந்த ‘அமைதியான’ காலனியில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை இருட்டு, இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். இப்போது இருக்கும் தெருவில் ஒரு மருந்துக்கடை, ஒரு மாவுக்கடை, ஒரு டீக்கடை. அந்த வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது.

ஆதாரக் குடியிருப்பு என்றால் ஒன்றுமே வரக்கூடாது என்று அர்த்தமா?

பிளான்_போடுபவன்

இல்லை அம்மா. ஆதாரக் குடியிருப்பிலும் அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளுக்கு இடம் உண்டு. மளிகை, பால், பேப்பர், ஒற்றை ஆள் தையல் கடை, சைக்கிள் பழுதுபார்ப்பு எல்லாம். வீடும் கடையும் கலந்திருக்கும் கலப்புக் குடியிருப்பு என்றால் இன்னும் தாராளம். நீங்கள் சொல்லும் மருந்துக்கடையும் மாவுக்கடையும் வர யாரும் சி.எம்.டி.ஏ.வில் மனுப்போட வேண்டியதில்லை.

ஒரு மனையையே வணிக உபயோகமாக மாற்றுவது வேறு. அப்படி மாறிவிட்டால் இன்றைக்கு என்ன கடை வருகிறது என்பதே பொருட்டில்லை. சூப்பர் மார்க்கெட் மூடிப்போய் நாளைக்கு வேறு ஏதாவது வரலாம், அதற்கு மறுபடியும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். அறிவிப்பு வந்திருக்கும் இந்த ஒரு முறைதான் பேச வாய்ப்பு.

டிபன்_கடை

நான் பதினைந்து வருடமாக இட்லி தோசை விற்கிறேன். வீட்டின் முன்பக்க அறைதான் கடை. யார் புகார் கொடுத்தாலும் முதலில் என் கடைக்குத்தான் ஆள் வருவார்கள். பாய்லர் எங்கே வைத்திருக்கிறாய், தொழில் உரிமம் எங்கே, கரண்ட் எந்த டாரிஃப். வீட்டு மீட்டரில் ஒரு கிரைண்டர் ஓடினால் குற்றம். நாலு மாடிக் கடைக்காரனிடம் ஆள் வருவதற்கு முன்னாலேயே வக்கீல் வந்துவிடுவார்.

இங்கே எழுதுகிறவர்கள் ‘வணிகம் வேண்டாம்’ என்று எழுதும்போது அது யார் தலையில் இறங்கும் என்று யோசித்து எழுதுங்கள். சங்கக்காரர்கள் மனுவில் என்னையும் சேர்த்துத்தான் ‘ஆக்கிரமிப்பு’ என்பார்கள், அடுத்த நாள் காலையில் என் கடைக்கே வந்து பார்சல் வாங்குவார்கள்.

கே.கே.நகர்_வாசி

நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் கடிதத்தில் பொத்தாம் பொதுவாகக் கடைகளை எதிர்க்கும் வரி எதுவும் இருக்காது. அந்த மனை, அந்த மாற்றம், அது மட்டும்தான்.

உஸ்மான்_ரோடு_பழசு

தி.நகரில் நாற்பது வருடம் இருந்து, விற்றுவிட்டு வந்தவன் பேசுகிறேன்.

தி.நகர் வீடுகளுக்காகவே போட்ட ஊர். 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, சுற்றித் தோட்டத்தோடு வீடுகள். எங்கள் தாத்தா வாங்கியபோது பாண்டி பஜாரில் இருந்தது நாலு கடை என்பார். யாரும் ஒரே நாளில் உத்தரவு போட்டு அதை வணிகப் பகுதி ஆக்கவில்லை. முதலில் ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை, அப்புறம் துணிக்கடை. ஒரு வீட்டுக்காரர் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டார், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பங்கு வாடகையைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். மூன்றாவது ஆள் விற்றுவிட்டே போனார். சட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் மெதுவாக வந்து கையெழுத்துப் போட்டது.

எப்படி என்று சொல்கிறேன். விதி மீறிக் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த 1998இல் அந்த 1971 நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு நுழைத்தார்கள். 28-2-1999க்கு முன் கட்டியதற்கு மட்டும் என்றார்கள், பிறகு அந்தத் தேதியைத் தள்ளித் தள்ளிப் போனார்கள். உயர் நீதிமன்றம் 2006இல் முதல் தேதியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 2012இல் 113-சி வந்தது, இப்போது 1-7-2007க்கு முன் கட்டியவற்றுக்கு. ஒழுங்காகப் பின்பக்கம் இடம் விட்டுக் கட்டியவன்தான் இதில் ஏமாளி.

2011 அக்டோபர் கடைசியில் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். சரி, ஏதோ நடக்கிறது என்று நினைத்தோம். பொங்கல் வருகிறது, வியாபாரம் போகிறது என்று கடைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், 2012 ஜனவரியில் தற்காலிகமாகத் திறக்க அனுமதி கிடைத்தது. அப்புறம் நடந்ததை நீங்களே தி.நகர் போய்ப் பாருங்கள்.

2017 மே 31 காலை, தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். கட்டடத்தையே கடைசியில் இடிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வடாம் முழுக்கக் கரித்துகள். அந்த வருடமே விற்க முடிவு செய்தோம். வாங்கியவர் யார் என்று கேட்காதீர்கள், நகைக்கடைக்கு கோடவுன் தேடியவர்.

இரண்டு_கிரவுண்ட்

நான் எதிர்த்தரப்பு, மனுப்போட்டவர் பக்கம். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

எனக்கு வயது எழுபத்து நாலு. அண்ணாநகரில் வீட்டு வசதி வாரிய மனை, அப்பா கட்டிய வீடு. ஒரு காலத்தில் எங்கள் நிழற்சாலையில் நாய் படுத்துத் தூங்கும். இப்போது என் வீட்டுக்கு இடது பக்கம் உடற்பயிற்சிக் கூடம், வலது பக்கம் ஹோட்டல், எதிரில் செல்போன் கடை. ராத்திரி பன்னிரண்டு வரை வாசலில் பைக். அந்த வீட்டில் இனி யார் குடியிருப்பார்கள்? குடியிருப்பு என்று விற்றால் ஒரு விலை, வணிகம் என்று விற்றால் வேறு விலை. எல்லோரும் மாறியபோது சும்மா இருந்த குற்றத்துக்கு நான் மட்டும் குறைந்த விலைக்கு விற்க வேண்டுமா?

மாற்றம் கேட்பவரெல்லாம் ரியல் எஸ்டேட் முதலை இல்லை. பராமரிக்க முடியாத கிழவர்களும் இருக்கிறோம்.

உஸ்மான்_ரோடு_பழசு

உங்களைத் திட்ட மாட்டேன் சார். நானும் அப்படித்தான் விற்றேன்.

கரோல்பாக்_தமிழன்

டெல்லிக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், முடிவு எடுப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று புரியும். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் கடைகளைச் சீல் வைக்கச் சொன்னது. மாநகராட்சி பூட்டோடு கிளம்பியது. ஊரே கொந்தளித்தது. செப்டம்பரில் சீலம்பூரில் போராட்டம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அதே மாதம் அரசு 2,183 தெருக்களை ஒரே மூச்சில் கலப்பு உபயோகம், வணிகம் என்று அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் வந்த, 2021 வரைக்குமான மாஸ்டர் பிளானில் அதெல்லாம் உட்கார்ந்துகொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெல்லியில் சொத்து வரிக்காகக் காலனிகளை ஏ முதல் எச் வரை வகை பிரித்திருக்கிறார்கள். ஏ, பி வகைக் காலனிகளில் புதிதாகக் கடைத்தெரு அறிவிப்பு கிடையாது என்று வைத்தார்கள். அந்த வகைகளில் யார் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களின் தெரு ராத்திரியோடு ராத்திரியாகக் கடைத்தெரு ஆயிற்று. கீழ்த்தளத்துக்காரர் லட்சாதிபதி. முதல் மாடியில் இருப்பவனுக்கு லாபம் ஏசி அவுட்டோர் யூனிட்டின் அனல் காற்று.

சென்னையிலும் இது நடக்கும். பணக்காரர்களின் போட் கிளப் சாலை அப்படியே இருக்கும், நடுத்தர மக்களின் சூளைமேடு மாறும்.

மாடி_போர்ஷன்

முதல் மாடிக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் கண் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். ஆறே மாதத்தில் அந்த வரிசையில் மூன்று வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், கிளினிக், லேப் என்று கேட்டு வருகிறார்களாம். நான் டீக்கடை வெளிச்சம் வேண்டும் என்றேன். அந்த வெளிச்சத்தில் நடந்து போக எனக்கு ஒரு வீடும் அங்கேயே வேண்டுமே.

கே.கே.நகர்_வாசி

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம். நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: பெரிய கட்டடம் வந்தால் காற்று, வெளிச்சம் போய்விடும். தெருவின் அமைதி கெடும். போக்குவரத்து நெரிசல் ஆகும். இது போதுமா?

பிளான்_போடுபவன்

போதாது. முதல் காரணத்தை எடுத்துவிடுங்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். வீடானாலும் கடையானாலும் அதேதான். நான்கு கிரவுண்ட் என்றால் 9,600 சதுர அடி, ஆக 19,200 சதுர அடி கட்டலாம். சாலை 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம், கிட்டத்தட்ட 25,000 சதுர அடி வந்துவிடும். உங்கள் முப்பது அடித் தெரு 9 மீட்டரை மயிரிழையில் தாண்டுகிறது. நாளைக்கே அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தாலும் இதே பருமனில்தான் வரும், அதை நீங்கள் தடுக்க முடியாது. ‘பெரிய கட்டடம்’ என்று எழுதினால் அதிகாரி ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். தெருவின் அகலத்தை மட்டும் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் படிக்கட்டும் சாய்தளமும் கட்டி, பல தெருக்களில் பத்திரத்தில் இருக்கும் அகலம் தரையில் இல்லை. நான் அளந்த ‘முப்பது அடி’ ஒன்று இருபத்தாறில் நின்றது.

வித்தியாசம் உபயோகத்தில் இருக்கிறது. அதை எழுதுங்கள். பன்னிரண்டு வீடு இருக்கும் கட்டடத்துக்குக் காலையில் பன்னிரண்டு கார் வெளியே போகும், சாயங்காலம் திரும்பும். அதே பரப்பில் கடை என்றால் நாள் முழுக்க வந்து போகும் வண்டி, சரக்கு இறக்கும் லாரி. முப்பது அடித் தெருவில் லாரி ஒன்று நின்றால் பள்ளி வேன் திரும்ப முடியுமா? எந்த நேரத்தில் வேன் வருகிறது, எத்தனை வண்டி ஏற்கெனவே தெருவில் நிற்கிறது, ஒரு படம் எடுத்து இணையுங்கள்.

சத்தம் பற்றி இப்படி எழுதுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. ‘இந்த மனை மாறினால் எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டருக்கு எந்த வரம்பு பொருந்தும்’ என்று கேள்வியாகவே கேளுங்கள். அமைதி கெடும் என்பதைவிட இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

தண்ணீர், கழிவுநீர். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை எத்தனை முறை பொங்கியது, புகார் எண் இருந்தால் போடுங்கள். இதற்கு ஆதாரம் உங்களிடம்தான் இருக்கும், மனுதாரரிடம் இருக்காது.

முக்கியமானது கடைசியில். அந்த மனையைச் சுற்றி நாலு பக்கமும் இப்போது என்ன உபயோகம் என்று ஒரு கைவரைபடம் போடுங்கள். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த இடம் என்ன வகை என்று காட்டும். நாலு பக்கமும் ஆதாரக் குடியிருப்பு, நடுவில் இது மட்டும் வணிகம் என்றால் ‘எந்தத் திட்டத்தின் அடிப்படையில்’ என்று கேட்க உங்களுக்கு இடம் கிடைக்கும். பின்பக்கம் மெயின் ரோட்டைத் தொடுகிறது என்றால் உங்கள் வாதம் பலவீனம், அதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

டிபன்_கடை

பிளான் போடும் சார், இப்படிப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு_கிரவுண்ட்

எல்லாம் சரி. ஒவ்வொரு மனைக்கும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பதா? சாலையின் அகலத்தை வைத்து, இந்தத் தெருவில் கடை உண்டு, இந்தத் தெருவில் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நானும் நிம்மதியாக இருப்பேன், நீங்களும் இருப்பீர்கள்.

பிளான்_போடுபவன்

பெரியவர் சொன்னதுதான் என் கட்சியும். மனை மனையாக மாற்றுவதுதான் தவறு. ஒருவர் மாற்றி வாங்கினால் அவருக்கு மட்டும் விலை ஏறுகிறது, நெரிசல் எல்லோருக்கும். இப்போது இருக்கும் மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2027 முதல் 2046 வரை. எந்தச் சாலையில் எதை அனுமதிப்பது என்று ஒழுங்காகக் கேட்க வேண்டிய இடம் அதுதான். வரைவு வெளியாகும்போது சங்கங்கள் தங்கள் தெருவின் வரைபடத்தைத் திறந்தாவது பார்க்க வேண்டும். வரைபடத்தில் உபயோகத்தைக் காட்டும் கலர் மாறியிருப்பது பத்து வருடம் கழித்துக் கடை வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

கவுன்சிலரையும் விட்டுவிடாதீர்கள். அதிகாரம் இல்லை என்றேனே தவிர, உபயோகம் இல்லை என்று சொல்லவில்லை. வார்டு மக்களைக் கூட்டி நடத்தும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதை எழுப்பி, பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். மாமன்றத்தில் அவர் எழுந்து பேசினாலும் சி.எம்.டி.ஏ.வைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளைக்கு நீங்கள் நீதிமன்றம் போக நேர்ந்தால், அன்றைக்கே எதிர்த்தோம் என்பதற்கு ஒரு காகிதம் இருக்கும்.

கரோல்பாக்_தமிழன்

அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் சங்கத்தில் மினிட்ஸ் நோட்டையே ஒருவர் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்.

கே.கே.நகர்_வாசி

இன்று காலை அளந்தோம். மனை வாசலில் 29 அடி 4 அங்குலம், நடுத்தெருவில் ஒரு வீட்டின் சாய்தளம் நீட்டிக்கொண்டிருப்பதால் 27. அந்த வீடு சங்கச் செயலாளருடையது. அவரே முன்வந்து இடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

பின்பக்கம் மெயின் ரோடு இல்லை, இன்னொரு வீட்டின் சுவர்தான். நாலு பக்கமும் ஆதாரக் குடியிருப்பு என்றே இணையதளம் காட்டுகிறது. டிபன் கடைக்காரர் சொன்னதை வைத்து, ‘தெருவில் உள்ள சிறு கடைகள் குறித்து எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை’ என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டோம். இரண்டு பேர் அந்த வரிக்காகவே கையெழுத்துப் போட மறுத்தார்கள், போகட்டும்.

ஒரு சந்தேகம். கடிதத்தில் கதவு எண் போட்டால் போதுமா?

பிளான்_போடுபவன்

போதாது. அறிவிப்பில் இருக்கிறபடியே நகர அளவை எண், பிளாக் எண், கிராமப் பெயர் மூன்றையும் தலைப்பில் எழுதுங்கள். கதவு எண் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும், எந்த மனை என்று தெரியவில்லை என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். அறிவிப்பு வந்த நாளிதழின் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.